மரத்தடிக்கு மூடாக்கு: விட்டமா, சுற்றளவா, நாணா?

மரத்தடி வட்டப் பாத்தியில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடிப் பரப்ப, எவ்வளவு மரச்சில்லு வேண்டும் என்று மூன்று விதமாக அளந்து பார்த்தேன். கடைசியில் மூன்றாவது வழியான நாண்தான் (வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும் நேர்கோடு) கைக்குப் பழகியது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பாத்தியின் குறுக்களவு 2.5 மீட்டர். நடுவில் மரம், 50 செ.மீ. தடிமன். மூடாக்கு அடிமரத்தை ஒட்டிக் குவிந்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். அதனால் சுற்றிலும் 10 செ.மீ. விட வேண்டும். ஆக, நடுவே 70 செ.மீ. வட்டம் கணக்கில் சேராது.

விட்டம் பள்ளிக்கூடத்துக் கணக்கு: பாதியை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு. வெறும் பாத்தி என்றால் இதுவே போதும். இங்கே டேப் போக வேண்டிய இடத்தில் மரம் நிற்கிறதே! குத்துமதிப்பாக அளந்து நூற்றுக்கு நான்கு பிசகினால், பரப்பில் எட்டு பிசகும்.

சுற்றளவுக்கு மரம் தடையில்லை. கயிற்றைச் சுற்றிப் போட்டு, நீளத்தை அதனாலேயே பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் முடிந்தது. நான் ஏமாந்தது ஓரத்துச் செங்கல்லில். கயிற்றை வெளிப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். 10 செ.மீ. கல்தான், ஆனால் விட்டம் 2.7 ஆகிவிட்டது, ஒரு மூட்டை மிச்சம். ஓரம் நெளிந்திருந்தாலும் இந்த வழி கூடுதலாகத்தான் காட்டும்.

சரி, நாணுக்கு வருவோம். டேப்பை மையத்தில் கொண்டுபோக முயலவே வேண்டாம். மரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக இழுத்துப் பிடியுங்கள். எனக்கு 2.4 மீட்டர் வந்தது. அதில் பாதி 1.2, 1.2 × 1.2 × 3.14 = 4.52 சதுர மீட்டர். நடு வட்டத்தைத் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே கழிந்துவிட்டது!

நம்பிக்கை வராமல் பழைய வழியிலும் போட்டுப் பார்த்தேன். முழு வட்டம் 4.91, நடு வட்டம் 0.385, கழித்தால் அதே 4.52. மந்திரமில்லை, பிதாகரஸ்தான். மையத்திலிருந்து டேப்புக்குச் செங்குத்தாக உள்ள தூரம் உள் ஆரம். டேப்பின் நுனிக்கு உள்ள தூரம் வெளி ஆரம். செங்கோண முக்கோணத்தின் மூன்றாம் பக்கம் டேப்பில் பாதி. வெளி ஆரத்தின் வர்க்கத்தில் உள் ஆரத்தின் வர்க்கம் போனால் மிஞ்சுவது அந்தப் பாதியின் வர்க்கம். வளையத்தின் பரப்புக்கு வேண்டியதும் அதுதானே.

மரம் நடுவில் இருந்தால்தான் இது சரிவரும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கொஞ்சம் வித்தியாசம் என்றால் சராசரி எடுக்கலாம். ஒரேயடியாக ஓரம் ஒதுங்கிய மரத்தில் நான் செய்து பார்த்ததில்லை. அங்கே கயிற்றையே நம்புவேன், செங்கல்லுக்கு உள்பக்கமாக.

அப்புறம் கனம். 8 செ.மீ. போட்டால் 4.52 × 0.08 = 0.362 கன மீட்டர், அதாவது 362 லிட்டர். 50 லிட்டர் மூட்டை என்றால் எட்டு. நடு வட்டத்தைக் கழிக்க மறந்திருந்தாலும் 393 லிட்டர்தான், அதே எட்டு மூட்டை! கனத்தில் 1 செ.மீ. கூடினாலோ 45 லிட்டர், ஏறக்குறைய ஒரு மூட்டையே போய்விடும். பரப்பை அளக்கக் காட்டிய அக்கறையில் பாதியைக் கனத்துக்குக் காட்டியிருக்கலாம்; நான் அதைக் கண்ணால் பார்த்தே போட்டேன்.