இன்வெர்ட்டருக்கு மலிவு விலை லித்தியம் பேட்டரி: மூன்று ஆண்டு அனுபவம்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பெரும்பாலும் மாலை வரை நீடிக்கும். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் உழைத்த 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை), அந்த நாள்களில் பிற்பகலுக்குள்ளேயே ஓயத் தொடங்கியதால் 2022இல் லித்தியத்துக்கு மாறினேன். செலவைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை இருந்தது. அந்த அவசரத்தில் முதல் முறை ஏமாந்தேன்.

லித்தியம் என்ற பெயரில் விற்பவை அனைத்தும் ஒரே வகை அல்ல. வீட்டுக்குள் வைப்பதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே நான் ஏற்பேன். நிக்கல் கலந்த வகைகளைவிட இது வெப்பத்தைத் தாங்கும், தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. 3.2 வோல்ட் செல்கள் நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட் கிடைப்பதால், பழைய 12 வோல்ட் இன்வெர்ட்டரையே தொடர்ந்து பயன்படுத்தவும் முடிந்தது.

முதலில் வாங்கிய பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தார்கள். எடை ஏழு கிலோகூட இல்லை. அந்த அளவுள்ள ஒரு செல்லே ஏறத்தாழ இரண்டு கிலோ இருக்கும் என்பதை அப்போது அறிந்திருந்தால், கையில் தூக்கியவுடனேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். முழுமையாகச் சார்ஜ் செய்து, ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) பொருத்திய மீட்டர் வழியாக அது தானாக நிற்கும்வரை பயன்படுத்திப் பார்த்ததில் 62 ஆம்பியர்-மணிதான் கிடைத்தது. அந்த அளவீட்டின் படங்களை வைத்துக்கொண்டு வாதாடியே பணத்தைத் திரும்பப் பெற்றேன். ஆகவே இந்தச் சோதனையைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

இரண்டாவது பேட்டரியை வாங்கும்போது, உள்ளிருக்கும் பி.எம்.எஸ் (செல்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் கேட்டேன். 50 ஆம்பியர் மட்டுமே தாங்கும் பி.எம்.எஸ் என்றால் தொடர்ந்து எடுக்கக்கூடியது 640 வாட்தான். மிக்ஸி தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்சாரத்துக்கே அது துண்டித்துவிடக்கூடும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ் உள்ளதைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தே வாங்கினேன், அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

எனக்கு அதிகச் சிரமம் தந்தது சார்ஜ் ஏற்றும் அமைப்புதான். இவ்வகைப் பேட்டரியின் உச்ச மின்னழுத்தம் 14.6 வோல்ட். எங்கள் இன்வெர்ட்டர் டியூபுலர் நிலையில் அதைத் தாண்டியதால் பி.எம்.எஸ் அடிக்கடி இணைப்பைத் துண்டித்தது, எஸ்.எம்.எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய-அமில பேட்டரிக்கான) நிலைக்கு மாற்றியதும் 14.2 வோல்ட்டோடு நின்றது, தொல்லையும் தீர்ந்தது. மற்றொரு நாள் பேட்டரி முழுவதும் தீர்ந்து பி.எம்.எஸ் அணைந்துவிட்டது. மின்சாரம் வந்த பிறகும், பேட்டரி இருப்பதையே உணராத இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்ற மறுத்தது. தனி லித்தியம் சார்ஜரைச் சில நிமிடங்கள் இணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. அந்த விழுக்காட்டை இன்வெர்ட்டரின் திரையில் பார்ப்பதில் பயனில்லை. பேட்டரியின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் திரை காட்டும் அளவு பொய்த்துவிடும். ஷன்ட் மீட்டரைத்தான் நம்புகிறேன்.

வெப்பம் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மொட்டை மாடிக்குக் கீழே இருந்த பரணிலிருந்து கூடத்தின் நிழலான மூலைக்குப் பேட்டரியை மாற்றினேன். பேட்டரித் தண்ணீர் ஊற்றும் வேலையும், முனைகளில் படியும் பச்சைக் கறையைச் சுரண்டும் வேலையும் இல்லாமல் போனதில் அம்மாவுக்குத்தான் பெரும் நிம்மதி.

வாங்கிய வாரத்தில் 101 ஆம்பியர்-மணி தந்த பேட்டரி, மூன்று ஆண்டுகள் கழித்து அதே முறையில் அளந்தபோது 94 தந்தது. கடந்த மாத மின்தடையன்று மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் இரண்டு பி.எல்.டி.சி மின்விசிறிகள், மூன்று எல்.இ.டி விளக்குகள், வைஃபை ரூட்டர் ஆகியவை, ஏறத்தாழ 100 வாட் சுமையாக, எட்டு மணி நேரம் ஓடின. மாலை ஐந்து மணிக்கு மீட்டரில் இன்னும் 22 ஆம்பியர்-மணி மீதமிருந்தது.