‘முழுச் சோதனை முடிந்த’ பழைய கார் என்று நம்ப வைத்து எட்டு மாதச் சம்பளத்தைப் பறித்துக்கொண்டார்கள்: வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பயன்படுத்திய கார்களை வாங்கி, சோதித்து, சான்று கொடுத்து விற்பதாக விளம்பரம் செய்யும் ஓர் இணைய விற்பனைத் தளத்தில், அன்றாடம் ஓட்டுவதற்காக ஒரு சிறிய குடும்பக் கார் வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். போனது என் எட்டு மாதச் சம்பளம். அதில் பாதி சேமிப்பு, மீதி நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் கடன். இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்தான் உண்மையைச் சொன்னார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்படியொரு காரை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குத் தேவைப்பட்டதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போக வேண்டும், அப்பாவைத் தவறாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், ஐந்து பேர் உட்கார இடமும் எங்கும் கிடைக்கும் உதிரிபாகங்களும் எந்த மெக்கானிக்குக்கும் பழகிய இன்ஜினும் இருந்தால் போதும். குறைந்த விலைக்கு வாங்கும் பழைய காரில் குறை இருக்கத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தேடத் தொடங்கினேன். கீறல் இருக்கட்டும், சீட் துணி கிழிந்திருக்கட்டும். இருக்கும் குறையை மறைக்காமல் சொல்லுங்கள் என்பது ஒன்றுதான் நான் எதிர்பார்த்தது.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு காருக்கும் பல பக்கங்களில் ஒரு சோதனை அறிக்கை இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் என்று வரிசையாகத் தலைப்புகளும் ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை டிக் குறிகளும் இருக்கும். நான் வாங்கிய காரின் அறிக்கையில், பின் பம்பரில் கீறல், முன் டயர் ஒன்றில் தேய்மானம், பின்பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று மூன்று குறைகளைப் புகைப்படத்தோடு எழுதியிருந்தார்கள். என்னை நம்ப வைத்தவை அந்த மூன்று குறைகளே. ஸ்பீக்கர் பாடவில்லை என்பதைக்கூட ஒளிக்காமல் எழுதுகிறவர்கள் இன்ஜினைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள் என்று படிப்பவர் மனத்தில் தானாகவே தோன்றும்படி அந்த அறிக்கை தயாரிக்கப்பட்டிருந்தது என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கார் பார்க்கப் போகும் முன்பே, எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்து வரலாமா என்று விற்பனைப் பிரதிநிதியிடம் தொலைபேசியில் கேட்டேன். “வெளி மெக்கானிக்கை எங்கள் யார்டுக்குள் விடுவதில்லை சார், பாதுகாப்பு விதி. எங்கள் அறிக்கைக்கு நிறுவனமே பொறுப்பு, ஏழு நாளில் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆறு மாதம் இன்ஜின் உத்தரவாதமும் இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்யப்பட்டு, ஏசி குளிர்ந்து, வாசலில் நின்றது. அவரே போனட்டைத் திறந்தார், ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைக் காகிதத்தில் துடைத்து, “பாருங்கள் சார், தேன் நிறத்தில் இருக்கிறது” என்று காட்டினார். நிறம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அன்று காலையில்தான் ஆயிலை மாற்றியிருந்தார்கள் என்பதை நான் அறியச் சொல்வார் யாருமில்லை. மீட்டரில் 62,400 கிலோமீட்டர் காட்டியது. டெஸ்ட் டிரைவில் வெப்பமானியின் முள் பாதிக்கும் கீழேயே நின்றது. “இன்ஜின் எவ்வளவு கூலாக ஓடுகிறது பாருங்கள்” என்று அதையும் ஒரு சிறப்பாகவே சொன்னார். அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பணம் முழுவதையும் செலுத்தினேன், எட்டு மாதச் சம்பளம் ஒரே பரிமாற்றத்தில் போயிற்று. கார் வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மஞ்சள் நிறத்தில் எரியத் தொடங்கியது. அப்போது ஏழு நாள் கெடு முடியவில்லை. உடனே அதே பிரதிநிதியை அழைத்தேன். “சென்சார் கோளாறுதான் சார், இந்த மாடலில் எல்லாருக்கும் வரும், கவலைப்படாமல் ஓட்டுங்கள், எங்கள் டெக்னீஷியன் வீட்டுக்கே வந்து பார்ப்பார்” என்றார். டெக்னீஷியன் நாளை வருவார் என்றார்கள், அடுத்த நாள் மாற்றுத் தேதி கொடுத்தார்கள், அதற்கடுத்த நாள் செயலியில் ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரி வந்தது. இப்படியே இழுத்து, கெடு தாண்டிய மறுநாள், திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு முடிந்துவிட்டது என்ற தகவலை மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அனுப்பினார்கள். காலையும் மாலையும் தானாகவே அழைத்து நலம் விசாரித்த அந்தப் பிரதிநிதி அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை.

பிறகு ஒரு நாள், அப்பாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும் வழியில், நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டைத் தொட்டது. போனட்டின் ஓரங்களிலிருந்து ஆவி கிளம்பியது. உட்கார்ந்து எழவே சிரமப்படும் மனிதரைச் சாலையோரத்தில் இறக்கி நிற்க வைத்துவிட்டு, இழுவை வண்டிக்காகக் காத்திருந்தோம். உதவிக்கு அழைக்கச் சொன்ன எண்ணில் பதிவு செய்யப்பட்ட குரல்தான் திரும்பத் திரும்பப் பேசியது.

காரை எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமே இழுத்துக்கொண்டு போனோம். அவர் முதலில் ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். அதன் உள்பக்கத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் தொட்டி அடியில் விரலால் தொட்டால் நறநறக்கும் பழுப்புச் சேறு. ஒழுகலைத் தற்காலிகமாக அடைக்க ஊற்றும் அடைப்பு மருந்து அது என்றார். சிலிண்டர் வாயு கூலண்டில் கலக்கிறதா என்று பார்க்கும் நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதித்தபோது, அது என் கண்ணெதிரிலேயே மஞ்சளாக மாறியது. இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. எரியும் வாயுவும் ஆயிலும் கூலண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்துவைப்பது அந்த மெல்லிய தகடுதான். அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும், 0.1 மில்லிமீட்டர் வளைவே பல இன்ஜின்களுக்கு அதிகம், வளைந்த ஹெட்டின் மேல் எந்தக் கேஸ்கெட்டும் சரியாக உட்காராது என்று விளக்கினார்.

அதன் பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கூலண்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெரும்பாலான கார்களில் கூலண்ட் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் கூலண்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கும், சிறிது தூர ஓட்டத்தில் இன்ஜினுக்குப் போதிய சூடு ஏறாது. ‘கூலாக ஓடுகிறது’ என்று அந்தப் பிரதிநிதி பெருமையாகச் சொன்னதன் காரணம் இதுதான். இன்ஜின் தேவையான வெப்பத்தை எட்டவில்லை என்பதை உள்ளிருக்கும் கணினி கவனித்துத்தான் மஞ்சள் விளக்கை எரியவிட்டிருக்கிறது. காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தது, அந்தக் குறியீட்டின் பொருளே அதுதான். அதே ஸ்கேனரில், பழைய பிழைக் குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் கார் ஓடிய தூரம் எவ்வளவு என்ற ஒரு கணக்கும் தெரியும். அந்தத் தூரம், கார் என் கைக்கு வந்த பிறகு நான் ஓட்டிய தூரத்தைவிடச் சில கிலோமீட்டர்களே அதிகமாக இருந்தது. அதாவது எனக்கு விற்பதற்குச் சற்று முன்புதான் யாரோ ஸ்கேனரை மாட்டி, எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டைமிங் பெல்ட்டின் மூடியைத் துடைத்தபோது, அழுக்குக்கு அடியில் பழைய ஒர்க்‌ஷாப் ஒன்று ஒட்டிய சிறிய தாள் தெரிந்தது. பேனாவால் எழுதியிருந்தது மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: பெல்ட் மாற்றியது, 1,10,000 கிலோமீட்டர். மீட்டரில் 62,400 காட்டிய காரில்! அறிக்கையில் ‘ஓடிய தூரம் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரேயும் ஒரு பச்சை டிக் இருக்கிறது.

எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து, காணொளியோடு அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் இவையே சொல்லப்படும் என்பதால் வந்த பதில்களை வரிசையாகவே எழுதுகிறேன். முதலில், ஹெட் கேஸ்கெட் தேய்மானப் பாகம், இன்ஜின் உத்தரவாதத்தில் வராது என்றார்கள். உத்தரவாதத் தாளில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, வெளி மெக்கானிக் இன்ஜினைத் திறந்ததால் உத்தரவாதமே ரத்தாகிவிட்டது என்றார்கள். நடுரோட்டில் நின்ற காரை உங்கள் ஆள் வந்து பார்த்தானா என்று கேட்டேன், பதில் இல்லை. மீட்டரைப் பற்றிக் கேட்டபோது, தாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இடைத்தரகர் மட்டுமே, முந்தைய உரிமையாளரின் செயலுக்குப் பொறுப்பல்ல என்றார்கள். அப்படியானால் அவருடைய விவரத்தைக் கொடுங்கள் என்றால், அது தனியுரிமை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுகிறார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பேசி முடிப்பதற்குள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று செய்தி வந்துவிடுகிறது. கடைசியாக மேலாளர் என்று ஒருவர் பேசினார். அவர் முன்வைத்த தீர்வு, தங்களிடமே அடுத்த கார் வாங்கினால் ஒரு தள்ளுபடிக் கூப்பன். எட்டு மாதச் சம்பளத்தை இழந்து, வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்கும் ஒருவரிடம் கூசாமல் இப்படிச் சொன்னார்.

ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் செய்து, கேஸ்கெட், தெர்மோஸ்டாட், அடைபட்ட ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்ற இன்னும் இரண்டு மாதச் சம்பளம் ஆகும் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் ஓடிய தூரம் எவ்வளவு என்றே தெரியாத இன்ஜினில் அதைப் போடலாமா என்று மெக்கானிக்குக்கே தயக்கம். எழுத்துமூலம் புகார் அனுப்பியிருக்கிறேன், சட்ட வழியிலும் போகப்போகிறேன். காசைக் கொட்டிக் கொடுத்த எனக்கு, அதற்கும் சொந்தக் காசைத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை, ஆகவே மிக முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்பவரே தயாரித்த அறிக்கையை எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனையாக எண்ணாதீர்கள், உங்கள் மெக்கானிக்கை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அடுத்த பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் போனதும் போனட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கூலண்ட் மூடியைத் திறந்து பாருங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். டெஸ்ட் டிரைவ் அரைமணி நேரமாவது இருக்கட்டும், அதில் நெரிசலும் இருக்கட்டும், வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள், கீழேயே கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். கைக்கடக்கமான ஸ்கேனர் ஒன்றை இரவலாவது வாங்கிப் போய், குறியீடுகளை எப்போது அழித்தார்கள் என்று பாருங்கள். மீட்டரை நம்பாமல் பழைய சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங்கின் தேய்வையும் அதோடு ஒப்பிடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், தொலைபேசியில் யார் என்ன ஆறுதல் சொன்னாலும் கேட்காமல், கெடு முடிவதற்குள் காரை அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தி, எழுத்தில் ஒப்புகை வாங்கிவிடுங்கள். உத்தரவாதத் தாளில் ஹெட் கேஸ்கெட், கியர்பாக்ஸ் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.