பிசி கேமிங்கா, கன்சோலா? பராமரிப்பு வேலை எதுக்கு அதிகம்னு ரெண்டையும் பல வருஷம் வச்சிருந்த அனுபவத்துல

எங்க வீட்ல ரெண்டுமே ஓடுது. பிசி, ஒவ்வொரு பார்ட்டா மாத்தி மாத்தி இன்னைக்கு இருக்குற நிலைமைக்கு வந்தது. கன்சோல்னா டிவில மாட்டி விளையாடுற பொட்டி, எங்ககிட்ட முதல்ல பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), இப்ப பிஎஸ்5. புதுசா வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், பிசின்னா மெயின்டனன்ஸ் அதிகமாமே, உண்மையா? உண்மைதாங்க. ஆனா நீங்க பயப்படுற இடத்துல அது இல்ல. தூசி, தெர்மல் பேஸ்ட் (சிப் சூட்ட கடத்துற பசை), ஃபேன்னு ஹார்ட்வேரப் பத்தியே எல்லாரும் பேசுறாங்க, அதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, உயிர வாங்குறது சாஃப்ட்வேர்.

முதல்ல தூசி மேட்டர முடிச்சிரலாம். சென்னையில மெயின் ரோட்டுப் பக்கம் வீடு இருந்தா எந்தப் பொட்டியா இருந்தாலும் தூசி ஏறத்தான் செய்யும். பிஎஸ்5 முதல் மாடல்ல சைடு பேனல கழட்ட ஸ்க்ரூட்ரைவரே வேணாம், மூலைய லேசா தூக்கி இழுத்தா வந்துரும், உள்ள ஃபேன் தெரியும், தூசி சேரட்டும்னே ரெண்டு ஓட்டையும் வச்சிருக்காங்க, அதுல வாக்யூம் வச்சு உறிஞ்சிட்டு மூடிர வேண்டியதுதான். பிசில ஃபில்டர கழுவணும், கிராபிக்ஸ் கார்டு ஹீட்சிங்க் (சூட்ட வெளியேத்துற உலோகத் தகடுகள்) இடுக்குல கம்பளி மாதிரி படிஞ்சிருக்குறத ப்ளோயர் வச்சு ஊதணும். ஊதும்போது ஃபேன் இறக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கோங்க, சும்மா வேகமா சுத்த விட்டா பேரிங் போக வாய்ப்பிருக்கு. ரெண்டுக்கும் சேத்து ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வேலை முடிஞ்சிரும்.

இப்ப சாஃப்ட்வேருக்கு வருவோம். கன்சோல்ல ஹார்ட்வேர் எல்லார் வீட்லயும் ஒண்ணுதான், அதனால கேம் செய்யுறவங்க ஷேடர (படத்த வரையுறதுக்கான குட்டி புரோகிராம்) எல்லாம் அங்கயே கம்பைல் பண்ணி, அதாவது அந்த ஹார்ட்வேருக்குப் புரியுற மாதிரி மாத்தி அனுப்பிடுறாங்க. பிசில ஆளுக்கு ஒரு கார்டு, ஆளுக்கு ஒரு டிரைவர் (கார்ட விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்), அதனால அந்த வேலை நம்ம வீட்லதான் நடக்கணும். 2023 மார்ச்ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தப்ப மெனுலயே ரொம்ப நேரம் ஷேடர் ஓடிட்டே இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதோட முடியல, டிரைவர் மாத்துனா பல கேம்ல அந்த வேலை மறுபடி முதல்ல இருந்து நடக்கும். டிரைவர் அப்டேட் ஒழுங்கா உக்காரலன்னா சேஃப் மோடு (விண்டோஸ அத்தியாவசியமானதோட மட்டும் ஓட்டுற முறை) போயி டிடியுங்கிற டிரைவர் நீக்குற டூல வச்சு பழச மொத்தமா வழிச்சு எடுத்துட்டு புதுசா போடணும். இது பெரிய வித்தை எல்லாம் இல்ல, ஆனா ராத்திரி ஆபீஸ் முடிச்சு வந்து ஒரு மணி நேரம் விளையாடலாம்னு உக்காரும்போது வந்தா அந்த ஒரு மணி நேரம் அவ்ளோதான்.

செக்யூர் பூட் (பிசி ஆன் ஆகும்போது நம்பகமான சாஃப்ட்வேர மட்டும் ஓட விடுற பாதுகாப்பு) இன்னொரு தலைவலி. பேட்டில்ஃபீல்ட் 6 மாதிரி கேம் எல்லாம் ஆன்டி சீட்டுக்காக, அதாவது ஏமாத்தி ஆடுறவங்கள தடுக்க, அத கேக்குது. ஃப்ரெண்டு ஒருத்தர் பிசில விண்டோஸ் எம்பிஆர்ங்கிற பழைய முறைல பிரிச்ச டிஸ்க்ல இருந்துச்சு, அதனால பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) சிஎஸ்எம், அதாவது பழைய முறைல பூட் பண்ற வசதி, ஆன்ல இருந்தாகணும், அது ஆன்ல இருந்தா செக்யூர் பூட் வராது. முதல்ல பேக்கப், அப்புறம் எம்பிஆர்2ஜிபிடி கமாண்ட் குடுத்து டிஸ்க ஜிபிடிங்கிற புது முறைக்கு கன்வர்ட் பண்ணி, பயாஸ்ல சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணி, பூட் ஆகுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் செக்யூர் பூட்ட ஆன் பண்ணோம். பிட்லாக்கர் (டிஸ்க்ல இருக்குறத பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரிகவரி கீய எழுதி வச்சுக்காம பயாஸ் பக்கமே போகாதீங்க. இதே கேம கன்சோல்ல விளையாடுறவருக்கு இதுல ஒரு வார்த்தை கூட தெரிய வேண்டிய அவசியம் இல்ல.

எல்லாத்தையும் விட பெரிய வேலைன்னு நான் சொல்றது குத்தவாளிய கண்டுபிடிக்கிறது. கேம் க்ராஷ் ஆகுதுன்னா டிரைவரா, எக்ஸ்எம்பி போட்டு வேகம் கூட்டுன ரேமா, பவர் சப்ளையா, இல்ல கேம் மேல மிதந்து ஓடுற ஏதாவது ஓவர்லேயா? இன்டெல் 13வது, 14வது ஜெனரேஷன் சில ப்ராசஸர்கள்ல வந்த பிரச்சனைய எடுத்துக்கோங்க. அன்ரியல் எஞ்சின்ல செஞ்ச கேம்ல வீடியோ மெமரி பத்தலைன்னு எரர் காட்டும், அதப் பாத்தா யாரா இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டத்தான் சந்தேகப்படுவாங்க, ஆனா தப்பு ப்ராசஸருக்குப் போற வோல்டேஜ்ல. 2024 ஆகஸ்ட்ல அதத் தடுக்க 0எக்ஸ்129 மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடுற அடிப்படை கோட்) வந்துச்சு, அதையும் மதர்போர்டு பயாஸ் வழியா நாமதான் ஏத்திக்கணும். என் பிசில அந்த ப்ராசஸர் இல்ல, ஆனா அந்த சமயத்துல கார்ட கழட்டி கழட்டி மாட்டிப் பாத்தவங்கள நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. காசு குடுத்து வாங்குனவன் தலைல இவ்ளோ வேலைய கட்டுறது நியாயமே இல்ல.

சப்போர்ட் விஷயத்துலயும் கன்சோல் தேவலாம். 2013ல வந்த பிஎஸ்4க்கு 2025லயும் சிஸ்டம் அப்டேட் வந்துச்சு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது, முதல் ஜெனரேஷன் ரைசன் (ஏஎம்டி ப்ராசஸர்) வச்சிருக்குறவங்கள விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா சேத்துக்கவே மாட்டேங்குது.

இவ்ளோ சொல்லிட்டும் நான் பிசிய விக்காம வச்சிருக்கேன்னா காரணம் ரிப்பேர்தான். என் கார்டுல ஒரு ஃபேன் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது, ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே சைஸ் ஃபேன் கெடச்சுது, நாலு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அன்னைக்கு சாயங்காலமே பிசி ஓடிருச்சு. ரேம் போனா ரேம், எஸ்எஸ்டி போனா எஸ்எஸ்டி, போனத மட்டும் மாத்துனா போதும். பிஎஸ்5ல எஸ்எஸ்டி சேக்குறது ஈசி, எம்.2 ஸ்லாட் இருக்கு, ஆனா அதத் தாண்டி கை வைக்க முடியாது. பிஎஸ்5 சிப் மேல இருக்குறது லிக்விட் மெட்டல் (தெர்மல் பேஸ்டுக்கு பதிலா போடுற திரவ உலோகம்), தெரியாம தொறந்து போர்டு மேல சிந்துச்சுன்னா ஷார்ட் ஆயிரும். முதல் மாடல்ல டிஸ்க் டிரைவ் அந்த மதர்போர்டோட ஜோடி சேத்து வச்சது, வேற ஒண்ண வாங்கி மாட்டுனாலும் கேம் டிஸ்க்க படிக்காது. பின்னாடி வந்த ஸ்லிம் மாடல்ல டிரைவ் தனியா கழண்டு வரும், ஆனா மாட்டுனதும் நெட் கனெக்ட் பண்ணி ஜோடி சேக்கணும். வாரண்டி முடிஞ்சப்புறம் உள்ள எது போனாலும் மொத்தப் பொட்டியையும் தூக்கிட்டு கைதேர்ந்த ஆளத் தேடிப் போகணும், அந்த ஆள் சின்ன ஊர்ல கெடைக்கிறது கஷ்டம்.

கரண்ட் கட் ஆகுற ஏரியாவா இருந்தா யுபிஎஸ் செலவையும் கணக்குல சேத்துக்கோங்க. பிஎஸ்5 விளையாடும்போது 200 வாட்ஸ் சுத்தித்தான் எடுக்கும், டிவியோட சேத்து சாதாரண யுபிஎஸ் தாங்கும். நல்ல கார்டு போட்ட பிசிக்கு அது பத்தாது, பெருசா வாங்கணும், அதோட பேட்டரியையும் சில வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்.

யாருக்கு எதுன்னு கேட்டா, குடும்பம், வேலைன்னு இருந்து வாரத்துல கொஞ்ச நேரம்தான் கெடைக்குதுன்னா கன்சோல் எடுங்க, யோசிக்கவே வேணாம். நோண்டுறதுல ஆசை இருக்கு, இல்ல அதே மெஷின்ல படிப்பு, எடிட்டிங்னு வேற வேலையும் இருக்குன்னா பிசி. பிசி எடுத்தா ரெண்டு பழக்கம் வச்சுக்கோங்க: ஓடிட்டு இருக்குற டிரைவர புது கேம் கேக்காத வரைக்கும் தொடாதீங்க, அப்டேட் எதுவா இருந்தாலும் நண்பர்களோட விளையாடுற அன்னைக்குப் போடாதீங்க, முந்தின நாளே போட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாத்துருங்க.