குன்னூரில் 14 வருடம் துணி வாங்கிய அனுபவம்: நான் ஏறாத கடைகள்

கல்யாணமாகி மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்தது 2011 ஜூலையில். மதுரையில் ஒரு சுடிதார் சரியில்லை என்றால் பீரோவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே ஸ்வெட்டர் சரியில்லை என்றால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு, பிள்ளைக்குச் சளி பிடித்தாச்சு. மழை மாதங்களில் ஒரு பருத்திச் சட்டை காய மூன்று நாள் ஆகும், அதுவும் அடுப்பங்கரையில் கொடி கட்டினால்தான். அதனால் துணிக்கடை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வீட்டில் மெஷின் போட்டு ஆல்டரேஷன் வேலையும் செய்கிறேன். நான் வாங்கியது மட்டுமில்லாமல் ஊரார் வாங்கி ஏமாந்ததும் என் மடியில்தான் வந்து விழும்.

கடைப் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. கடை கைமாறும், நடத்தை மாறும். எந்த மாதிரிக் கடையை விட்டு ஒதுங்கினேன், ஏன் ஒதுங்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மனசு விட்டுப்போனது 2013 பொங்கலுக்கு. தையலில் சேர்த்த காசில் அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், காலை ஏழு மணிக்கே பனியில் நிற்பவர். அரக்கு நிறம், முன்பக்கம் பின்னல் வேலை, விலை 1,800 ரூபாய். "பியூர் உல்லன்மா, பத்து வருஷம் உழைக்கும்" என்றார் கடைக்காரர். இரண்டாவது மாசமே அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை உருண்டையாய் நூல் திரண்டது. கை நீண்டு விரலை மூடியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேலே பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

உள்தையலிலிருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்த்தேன். நிஜக் கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகிச் சொட்டி, கறுப்பாகக் கல் மாதிரி இறுகியது. முழுக்க அக்ரிலிக், அதாவது செயற்கை இழை.

அக்ரிலிக் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது, விலை குறைவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நானே அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரம் தெரியாமல் வைத்திருப்பது கம்பளிதான். தோட்டத்தில் மழைச்சாரலில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் உயிர் மாதிரி. அக்ரிலிக்கை அக்ரிலிக் என்று சொல்லி 500 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஸ்வெட்டரைத் திரும்ப எடுத்துப் போனேன். "கம்பளின்னா உருண்டை வரத்தான் செய்யும்மா" என்றார். கம்பளியிலும் உருண்டை வரும், உண்மைதான். இழையைக் கொளுத்திப் பார்த்ததைச் சொன்னதும் பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." அந்தக் கடைப் படி ஏறி 12 வருஷமாகிறது.

இன்றைக்கு அந்த வரியைக் காட்டி யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில் கொடுக்காமல் விற்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதில் தெளிவாக இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்று பில்லில் போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். ஆனால் கவனியுங்கள், "நிறம் பிடிக்கலை, மாத்திக் கொடுங்க" என்பதற்கு இது பொருந்தாது. அது கடைக்காரரின் பெருந்தன்மை. பழுது, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று, இவற்றுக்குத்தான் சட்டம். கடையில் பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து சில மாசத்தில் வெளுத்துவிடும்.

அடுத்தது சீசன் விலைக் கடைகள். ஏப்ரல், மே வந்தால் கீழேயிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் குளிருக்கு ஒன்றும் எடுத்துவராமல் வந்து நடுங்குவார்கள். அப்போது ஜெர்கின் விலை ஏறும். வாடகை, மின்சாரம், நாலு மாச வியாபாரத்தில் வருஷத்தை ஓட்டும் கஷ்டம் எல்லாம் எனக்கும் தெரியும். தாங்க முடியாதது டேக்கில் செய்யும் வேலை. இரண்டு வருஷம் முன்னால் பையனுக்கு ஜெர்கின் பார்த்தேன். டேக்கில் 1,895 என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் அச்சடித்திருந்தது 1,195. அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் விலையைக் குறைக்க மட்டும்தான் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக்கூடாது. விலையைக் கூட்ட ஒட்டுவது விதிமீறல். அதேபோல் எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த ஜெர்கினை மடித்து வைத்துவிட்டு வந்தேன். "எதுக்கும்மா விட்டுட்டு வந்தே" என்று பையன் வழியெல்லாம் அழுதான். மறுநாள் வேறு கடையில் 950க்கு எடுத்தோம். ஜிப் ரன்னர் ஒருமுறை மாற்றினேன், மற்றபடி இன்னும் போடுகிறான்.

தோடர் வேலைப்பாடு, அதாவது நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்களின் கைத்தையல், என்று சொல்லி அச்சடித்த சால்வை விற்கும் கடைகளுக்கும் நான் போவதில்லை. பூத்குளி என்ற அவர்கள் சால்வையில் வரும் சிவப்பும் கறுப்பும் கலந்த வேலை கோடு போட்டு வரைந்து செய்வதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழையைக் கண்ணாலேயே எண்ணி எண்ணிக் கையால் ஊசி ஓட்டுவது. நான் 14 வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், எனக்கு வராத வேலை அது. அதற்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைத் திருப்பிப் பாருங்கள், தடவிப் பாருங்கள். கை வேலை என்றால் நூல் மேடு விரலில் தட்டும், பின்பக்கமும் ஊசி போன தடம் இருக்கும். அச்சு என்றால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சால்வைக்குப் பின்னால் ஒரு அம்மாவின் பல வாரக் கண் வலி இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு அச்சை விற்பது அவர் கூலியைத் திருடுவதுதான்.

ட்ரையல் ரூம் இல்லாத கடை, போட்டுப் பார்க்கிற வரை பின்னாலேயே ஆளை நிற்கவைக்கும் கடை, இவை பற்றி எழுத அதிகமில்லை. ஒருமுறை போனேன், மறுமுறை போகவில்லை.

கடைசியாக நான் விட்ட கடை, துணியில் ஒரு குறையும் இல்லாத கடை. விலை நியாயம், மாற்றியும் தருவார்கள். எட்டு வருஷம் அங்கேதான் தீபாவளித் துணி எடுத்தேன். போன வருஷம் நவம்பரில், நல்ல மழை நாள். என்னோடு சேர்த்து இரண்டே வாடிக்கையாளர்கள். சுடிதார் எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயசிருக்கும். டைல்ஸ் தரையில் மெல்லிய சாக்ஸ் மட்டும். இடது காலை வலது பாதத்தின் மேல் வைப்பாள், கொஞ்ச நேரத்தில் காலை மாற்றுவாள். "உக்காருடா, நானே பார்த்துக்கிறேன்" என்றேன். கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டி, "கேமரா இருக்கு அக்கா" என்றாள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரை வரைக்கும் நிற்கணுமாம், சாப்பிடுகிற அரை மணி தவிர.

தமிழ்நாட்டில் 2021இலேயே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போடவேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக்கூடாது. முதலாளியிடம் நேராகவே கேட்டேன். "உக்கார்ந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லாத மாதிரி இருக்கும் மேடம்" என்றார். அந்தக் கஸ்டமர் நான்தானே, எனக்கு அப்படித் தோன்றவில்லையே என்றேன். சிரித்தார். எடுத்த துணியை அங்கேயே வைத்துவிட்டேன்.

இந்த வருஷத் தீபாவளிக்குச் சந்து ஒன்றில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனோம். ரகம் குறைவு, அத்தைக்கு ஏற்ற நிறம் கிடைக்க நேரமாயிற்று. "இதுல பாதி கம்பளி, பாதி அக்ரிலிக்" என்று கேட்காமலேயே சொல்லி லேபிளைக் காட்டினார்கள். 1,350 ரூபாய். பில் போடுகிற அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், துணி மடிக்கிற பெண்ணும் இன்னொரு ஸ்டூலில். அத்தை மேலே சால்வை போர்த்தாமல் அந்த ஸ்வெட்டரோடு மட்டும் காலையில் வாசலில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்.