கடைமடைக்கு வருமா கேஸ்? நீல சிலிண்டர், பைப் கேஸ், கரண்ட் அடுப்பு: மாமாவுக்காகப் போட்ட கணக்கு

மாமா மதுரை சிம்மக்கல் பக்கம் மெஸ் நடத்துகிறார். மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டாவும் கறி தோசையும். ஒரு நாளைக்கு ஒரு நீல சிலிண்டர் (கடைகளுக்கான 19 கிலோ) காலியாகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றரை. போன வாரம் பைப் கேஸுக்கு ஆள் சேர்க்க ஒருத்தர் வந்து படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குழாய் இன்னும் தெருமுனைக்குக்கூட வந்து சேரவில்லை. அன்றைக்கே மாமா போன் போட்டார்: "மாப்ள, இன்னும் ரெண்டு வருசத்துல உலகம் பூரா கேஸு மலிஞ்சு கெடக்குமாம்ல. அந்தாளு அடிச்சுச் சொல்றாரு. சேந்துருவமா, இல்ல சிலிண்டரே போதுமா?"

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், கேஸ் நிபுணன் இல்லை. ஆனாலும் மாமா கேட்டுவிட்டாரே என்று நாலு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆள் சொன்னது பொய்யில்லை, கேஸ் மலியத்தான் போகிறது. ஆனால் அணையில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்பதற்காக மேலூர்க் கடைமடைக் கண்மாயில் நாளைக்கே மறுகால் பாய்ந்துவிடுமா என்று யோசித்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

முதலில் அளவு. பைப்பில் வரும் இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதைத்தான் கப்பலில் ஏற்றி எல்என்ஜி என்று விற்கிறார்கள். விலையை எம்எம்பிடியு என்ற வெப்ப அலகுக்கு இத்தனை டாலர் என்பார்கள். செய்தியில் இதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. நான் போட்டுப் பார்த்ததில், மெஸ்ஸில் நிற்கும் 19 கிலோ சிலிண்டரின் வெப்பம் ஏறக்குறைய 0.9 எம்எம்பிடியு வருகிறது. ஆக, உலகச் சந்தையின் ஒரு அலகு என்பது ஒரு நீல சிலிண்டரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இப்போது படியுங்கள்: 2020 மே மாதம் ஆசியச் சந்தையில் ஒரு அலகு 2 டாலருக்கும் கீழே கிடந்தது, அன்றைய மதிப்பில் 150 ரூபாய். உக்ரைன் போர் வந்த 2022-இல் அதுவே 70 டாலரைத் தாண்டியது, 5,000 ரூபாய்க்கு மேல். 2025 டிசம்பரில் 10 டாலரை ஒட்டி நின்றது, 900 ரூபாய் வாக்கில். ரெண்டே வருடத்தில் முப்பது மடங்குக்கு மேல் ஏறி இறங்கிய சரக்கு இது. மதுரை மல்லிகூட முகூர்த்தநாளில் இப்படி ஆடாது.

சரி, மலியும் என்று சொல்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? சர்வதேச எரிசக்தி முகமை 2030-க்குள் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 பில்லியன் கனமீட்டர், அதாவது 22 கோடி டன் போல, எல்என்ஜி ஏற்றுமதித் திறன் புதிதாகச் சேரும் என்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கப்பலில் போகும் எல்என்ஜி ஆண்டுக்கு 40 கோடி டன்னைச் சுற்றித்தான். அதோடு ஒப்பிட்டால் புதிதாக வருவது பாதிக்கு மேல். அதில் பெரும்பங்கு அமெரிக்காவும் கத்தாரும். 2023-இல் முதலிடத்தைப் பிடித்த அமெரிக்கா, 2025-இல் 10 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கத்தார் 7.7 கோடி டன் திறனை 12.6 கோடியாக்கி, பிறகு 2030-க்குள் 14.2 கோடிக்குக் கொண்டுபோகத் திட்டம் வைத்திருக்கிறது. அதே நேரத்தில் சீனா 2025-இல் குறைவாக வாங்கியது, ரஷ்யாவிலிருந்து குழாயிலேயே கேஸ் வருகிறதே, கப்பல் எதற்கு?

எதிர்ப்பக்கம் ஷெல் மாதிரி கேஸ் விற்கும் கம்பெனிகள். 2040-க்குள் தேவை 60 சதவீதம் வரை கூடும், எல்லாம் விற்றுவிடும் என்கிறார்கள். கடைக்காரர் தன் கடைச் சரக்கைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்பலாம். ஆனாலும் அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் உண்டு, திட்டங்கள் சொன்ன தேதியில் முடிவதில்லை. மொசாம்பிக்கில் டோட்டல் கம்பெனியின் திட்டம் கிளர்ச்சியாளர் தாக்குதலால் 2021-இல் நின்று நாலு வருடத்துக்கு மேல் கிடந்தது. அமெரிக்காவில் கோல்டன் பாஸ் திட்டம், கட்டுமான ஒப்பந்தக்காரர் 2024-இல் திவாலானதில் இழுத்துவிட்டது. ஐரோப்பா வேறு 2027-இலிருந்து ரஷ்ய எல்என்ஜியை அடியோடு நிறுத்தப் போகிறது, அந்த இடத்துக்கு வேறு கப்பல் வேண்டும். என் கணக்கில் 2027-ஐ ஒட்டி விலை இறங்கும். எவ்வளவு இறங்கும், எத்தனை வருடம் நிற்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

யாரிடம் வாங்குவது என்பதுதான் இதில் ருசியான பகுதி, ஒரே கேஸ் மூன்று விதமாக விலை போகிறது.

கத்தார்க்காரரிடம் வாங்கினால் விலை கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டிருக்கும். கச்சா எண்ணெய் விலையில் 12, 13 சதவீதம் என்று ஒப்பந்தம் இருப்பதாக வையுங்கள், எண்ணெய் 63 டாலர் என்றால் கேஸ் 8 டாலர் பக்கம். பக்கத்து ஊர்க்காரர் வேறு. கத்தாரின் ராஸ் லஃபான் துறைமுகத்திலிருந்து குஜராத் மூன்று நாலு நாள் பயணம், இலங்கையைச் சுற்றிக்கொண்டு எண்ணூர் வர ஏறக்குறைய ஒரு வாரம். 2004-இல் தொடங்கிய வரத்து பிறகு ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஆனது, 2024 பிப்ரவரியில் அதே ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015-இல் சந்தை விலை பாதியாகக் கிடந்தபோது நாம் ஒப்பந்தப்படி எடுக்காமல் குறைத்துக்கொண்டோம், கத்தார் சட்டம் பேசாமல் விலைச் சூத்திரத்தையே மாற்றி, ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் அபராதத்தையும் விட்டுக்கொடுத்தது. நீண்ட நாள் வாடிக்கைக்கு அந்த மதிப்பு உண்டு.

அமெரிக்கச் சரக்கு வேறு கணக்கு. அங்கே உள்ளூரில் ஹென்றி ஹப் என்று ஒரு விலை, அதில் 115 சதவீதம், மேலே திரவமாக்கும் கூலி 3 டாலர் போல. உள்ளூர் விலை 4 டாலர் என்றால் 7.60, கப்பல் வாடகை சேர்த்தால் 9, 10 ஆகிவிடும். செங்கடல் பக்கம் ஏமனின் ஹூத்திகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவதென்றால் ஒரு மாதம். இதில் உள்ள சௌகரியம், சரக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற கட்டு கிடையாது, வேண்டாமென்றால் வேறு யாருக்காவது விற்றுவிடலாம். நம் அரசுக் கேஸ் கம்பெனி கெயில் அப்படி மாற்றி விற்றும் இருக்கிறது.

மூன்றாவது ஸ்பாட், அன்றன்றைக்கு மாட்டுத்தாவணியில் காய் எடுப்பது போல. மலிவான நாளில் ராஜா. 2022-இல் என்ன நடந்தது? ரஷ்யக் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த சிங்கப்பூர்க் கிளை கெயிலுக்கு ஒப்பந்தப்படி அனுப்ப வேண்டிய கப்பல்களையே அனுப்பவில்லை. ஐரோப்பா கேட்ட விலை கொடுத்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக, பாகிஸ்தான் டெண்டர் விட்டும் ஒரு ஆள் வரவில்லை, ஊரெல்லாம் மின்வெட்டு. பங்களாதேஷ் ஸ்பாட்டில் வாங்குவதையே நிறுத்தியது. முழுக்க ஸ்பாட்டை நம்புகிறவனுக்கு நடப்பது இதுதான். பெரும்பகுதி ஒப்பந்தம், கொஞ்சம் ஸ்பாட் என்று இந்தியா போவதைக் குறை சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் மாமாவின் அடுப்புக்கு எதற்கு? ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது, அதைப் படிவம் கொடுத்த ஆள் சொல்லவே இல்லை. நாட்டுக்குத் தேவையான கேஸில் ஏறக்குறைய பாதி நம் கிணறுகளிலிருந்து வருகிறது, அதில் பழைய வயல்களின் கேஸுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது, 2025 ஏப்ரலில் அது 6.75 டாலர். அந்த மலிவு கேஸில் முன்னுரிமை வீட்டு அடுப்புக்கும் சிஎன்ஜி வண்டிக்கும்தான். ஹோட்டல், மெஸ், பேக்கரி எல்லாம் வணிகக் கணக்கு, அவர்களுக்குப் பெரும்பாலும் கப்பல் கேஸ்தான். அத்தை வீட்டில் பால் காய்ச்சும் பைப் கேஸும் மாமா மெஸ்ஸில் குழம்பு கொதிக்கும் பைப் கேஸும் ஒரே குழாயில் வந்தாலும் விலையில் ஒரே கேஸ் இல்லை. "பக்கத்துத் தெருவில் வீட்டுக்கு இவ்வளவுதான் பில் வருது" என்று காட்டினால் ஏமாந்துவிட வேண்டாம்.

அப்புறம் வாய்க்கால், அதாவது குழாய். கொச்சியில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எல்என்ஜி இறக்கும் முனையத்தை 2013-இல் திறந்தார்கள். அங்கிருந்து மங்களூர் போகும் 450 கிலோமீட்டர் குழாயைத் திறந்தது 2021 ஜனவரியில். அதுவரை கண்மாய் உண்டு, வாய்க்கால் இல்லை. நம் பக்கம் எண்ணூர் முனையம் 2019-இல் வந்தது, அங்கிருந்து திருவள்ளூர், பெங்களூர், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை போகும் குழாய் துண்டு துண்டாகத்தான் இணைந்துகொண்டு வந்தது. அதில் ராமநாதபுரம் தூத்துக்குடி இடையேயான 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியில் திறந்ததும், நாப்தா என்ற பெட்ரோலியத் திரவத்தில் ஓடிக்கொண்டிருந்த தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை ராமநாதபுரத்துக் கேஸுக்கு மாறியது. கருவேல விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் பேர் போன சீமையிலிருந்து கேஸ் போகிறது, பாருங்கள்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். சிலிண்டர், 2025 டிசம்பர் சென்னை விலையில் 1,740 ரூபாய் வாக்கில். அதே வெப்பத்துக்குப் பைப் கேஸ் 24 கனமீட்டர் வேண்டும். வகுத்தால் ஒரு கனமீட்டர் 72 ரூபாய். மாமாவுக்கு நான் பேப்பரில் பெரிதாக எழுதிக் கொடுத்தது இந்த ஒரு எண்ணைத்தான். வாட் வரியெல்லாம் சேர்த்து அதற்கு நல்ல அளவு கீழே கொடுத்தால் பைப், இல்லையென்றால் வேண்டாம். சந்தையில் கேஸ் 10 டாலரில் கிடக்கும்போது சிலிண்டர் அளவு வெப்பம் கரையில் 800 சொச்சம்தானே, பாதிக்குப் பாதி மிச்சமாகுமே என்று தோன்றும். சுங்கம், மறுபடி வாயுவாக்கும் கூலி, நீண்ட குழாய்க்கு வாடகை, மாநில வாட், நகரக் குழாய்க்காரரின் பங்கு என்று வரிசையாக ஏறும். இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் கட்டிய வாட்டைக் கழிக்க முடியாது என்று ஆலைக்காரர்கள் புலம்புவார்கள், அது நியாயம். 5 சதவீத ஜிஎஸ்டியில் இருக்கும் மெஸ்ஸுக்கு எப்படியும் உள்ளீட்டு வரி கழிக்க வழியில்லை, ஆக அந்தப் புலம்பல் நமக்குப் பொருந்தாது.

"சிலிண்டர்னா நம்மூரு சரக்கு, பைப்புன்னா அரபு நாட்ட நம்பணும்ல" என்றார் மாமா. இதுதான் பலர் நினைப்பது. இந்தியாவின் எல்பிஜியில், அதாவது சிலிண்டர் கேஸில், 60 சதவீதம் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. கத்தார் எல்என்ஜியும் அந்த எல்பிஜியும் வளைகுடாவின் வாயான ஒரே ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும், 2024-இல் உலக எல்என்ஜியில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் அடித்துக்கொண்டபோது ரெண்டு பக்கமும் ஒரே பயம்தான். எல்பிஜியிலும் 2026-க்கு அமெரிக்காவிடமிருந்து 22 லட்சம் டன் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், அது இறக்குமதியில் பத்தில் ஒரு பங்கு. இந்த விஷயத்தில் சிலிண்டருக்கும் பைப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கரண்ட் அடுப்பு மட்டும்தான் ஹோர்முஸ் பக்கமே போகாதது. சிலிண்டர் வெப்பத்தை யூனிட்டாக மாற்றினால் 260 சொச்சம் வரும். கேஸ் அடுப்பில் பாதி வெப்பம் மாஸ்டர் முகத்தில்தான் அடிக்கிறது, இண்டக்ஷனில் அவ்வளவு வீணாகாது, ஆகவே 150 யூனிட் போதும் என்று வைத்தால், யூனிட் 10 ரூபாய் விலையில் 1,500. சிலிண்டரைவிட மலிவு! நானே ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஆனால் பெரிய இண்டக்ஷன் அடுப்பின் விலை, கூடுதல் லோடு வாங்கும் செலவு, மாதாமாதம் நிலைக்கட்டணம், சித்திரை வெயிலில் கரண்ட் போவது எல்லாம் இருக்கின்றன. சோறு, சாம்பார், ரசத்துக்கு நன்றாகப் பொருந்தும். பரோட்டாக் கல்லுக்கு? மாஸ்டரிடம் கேட்கவே பயமாக இருந்தது.

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கல்லில் பத்துப் பரோட்டா புரண்டுகொண்டிருந்தது. பைப் கேஸில் அழுத்தம் குறைவு, பர்னரின் ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டும், கேஸ் கசிந்தால் சிலிண்டர் கேஸ் மாதிரி தரையில் தேங்காமல் மேலே போய்விடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ரெண்டு உள்ளங்கையாலும் பரோட்டாவை அடித்துக் குவித்துக்கொண்டே, "அண்ணே, ஓரத்துல தீ நிக்குமா? நடுவுல மட்டும் கருகி ஓரம் வெள்ளையா இருந்தா ஒருத்தனும் திங்க மாட்டான்" என்றார். கூகுளில் இதற்குப் பதில் இல்லை.

மாமா படிவத்தைக் கல்லாப் பெட்டிக்கடியில் வைத்திருக்கிறார், என் 72 ரூபாய் பேப்பரும் அதோடுதான் இருக்கிறது. குழாய்க்காரர் அடுத்த தடவை வரும்போது விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பர்னரை மாட்டி, இந்தக் கல்லில் பத்துப் பரோட்டா போட்டுக் காட்டட்டும் என்பது மாஸ்டர் வைத்திருக்கும் நிபந்தனை. அதுவரைக்கும் சோற்றுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கிப் பார்க்கலாம் என்று கீழமாசி வீதியில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.