மாதிரிப் பத்தியா, பயிற்சி அறையா, பெட்டியடிப் பையனா?

காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் சிலர் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எழுத்து வழி ரோல்பிளே (ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை வளர்ப்பது) ஆடுகிறோம். கதைக்களம் 1930களின் ரங்கூன், மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கி, அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் லேவாதேவிக் கடைகள் இருந்த கட்டடம். ஒருவர் எழுதி நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் தன் பாத்திரமாகத் தொடர வேண்டும். எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள் மூன்று கட்சி.

மாதிரிப் பத்தி கேட்டு, தேறியவரை மட்டும் சேர்க்கலாம் என்பது ஒன்று. தரம் இறங்காது, சரி. ஆனால் தனியாக அழகாக எழுதுவது வேறு, கூடி ஆடுவது வேறு. நடை கைவந்தவரே “மேலாள் தலைகுனிந்தார்” என்று, கடைப் பொறுப்பாளராக ஆடும் அடுத்தவரின் பாத்திரம் செய்வதையும் சேர்த்து எழுதிவிடுவார். இரண்டே வரி எழுதுபவர் எதிராளி பதில் சொல்ல இடம் விட்டிருப்பார். மாதிரிப் பத்தியில் இது தெரியவே தெரியாது. பள்ளியோடு தமிழில் எழுதுவதை விட்டவர்களோ, தேர்வு என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

புதியவர்களைத் தனி அறையில் எழுதிப் பழகவிடலாம் என்பது இரண்டாவது. இந்தப் பயிற்சி அறை பரவாயில்லை. தப்புச் செய்யப் பயமில்லை. ஆனால் அங்கே யாரைப் பார்த்துக் கற்பது?

என் ஓட்டு மூன்றாவதற்கு: முதல் நாளே கதைக்குள், அனுபவமுள்ளவர் பக்கத்தில். பர்மா லேவாதேவிக் கடைகளில் மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன் (தொழில் பழகும் கடைப் பையன்) என்று வரிசை உண்டு. பையன் தொழில் படித்தது வேலையில் இருந்துகொண்டேதான். அந்த வேடத்தையே புதியவருக்குக் கொடுக்கலாம். பையனுக்குப் பேரேடு புரியாததும், இரண்டு வார்த்தையில் பேசுவதும் கதைக்குப் பொருத்தம். மேலாளாக ஆடுபவர், “தம்பி, வந்தவர் முகத்தைப் பார்த்தியா? என்ன தோணுச்சு?” என்று கேட்டு நிறுத்தினால் பதில் எழுதப் பிடி கிடைக்கும். எழுத்துப்பிழையை நடுவில் திருத்த வேண்டாம். மேலாள் தன் பதிலில் அதே சொல்லைச் சரியாக எழுதினால் போதும்.

இதில் மேலாளுக்குத்தான் சுமை. ஒருவர் தலையிலேயே கட்டாமல் முறை வைத்து மாற்ற வேண்டும். பையனும் தேநீர் வாங்கி வருவதோடு நின்றுவிடக் கூடாது. நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக வயல்களே வந்து சேர்ந்த காலம் அது. ‘இந்த வயலை எடுத்துக்கொள்வதா, தவணை கொடுப்பதா’ என்ற முடிவை ஒரு நாள் பையனாக ஆடுபவரிடம் விடுங்கள்; அவர் சொன்னபடி கதை திரும்பட்டும்.

மாதிரிப் பத்தி கேட்டே ஆக வேண்டுமென்றால், மேலாள் வேடத்துக்கு வருபவரிடம் கேட்கலாம்.