குடைக்கு டோக்கன் தந்த அருங்காட்சியகம்

மூன்று நாள் விடாத மழையில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த ஒன்பது வயது மகனையும் ஐந்து வயது மகளையும், எழுபதைக் கடந்த என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஓவியக்கூடமும் சேர்ந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு நான்காம் நாள் காலையில் போய்வந்தேன். மழைநாளில் ஓர் அருங்காட்சியகத்தின் தரத்தை உள்ளே இருக்கும் சேகரிப்புக்கு முன்பே அதன் வாசல் சொல்லிவிடும் என்பது என் எண்ணம். இந்த வாசலுக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண் தரலாம்.

கதவைத் தாண்டியதும் நாலைந்து எட்டு நீளத்துக்குக் கயிற்று மிதியடி விரித்திருந்தார்கள். அதன் முடிவில் ஓர் ஊழியர் சொட்டும் குடைகளை வாங்கித் தாங்கியில் செருகிவிட்டு, எண் பொறித்த டோக்கனைக் கையில் கொடுத்தார். என் அம்மாவுக்கோ குடைதான் ஊன்றுகோலும். அதைத் தர மாட்டேன் என்று அவர் முகம் சுளித்தபோது, அந்த ஊழியர் வாதம் செய்யாமல் மேசைக்கு அடியிலிருந்து ரப்பர் குமிழ் வைத்த கைத்தடி ஒன்றை எடுத்து, “இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா, போகும்போது மாற்றிக்கொள்ளலாம்” என்றார். இதற்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

குடையை ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு விடை வெண்கலக் கூடத்தின் மூலையில் இருந்தது. கண்ணாடி மூடிய சிறிய பெட்டி ஒன்றினுள் ஓர் உருளை அசைவதே கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகச் சுழல, அதைச் சுற்றிய கட்டம் போட்ட தாளில் இரண்டு மைமுட்கள் கோடு இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று வெப்பநிலைக்கு, மற்றொன்று காற்றின் ஈரப்பதத்துக்கு. ஈரப்பத முள்ளை அசைப்பது மனிதத் தலைமுடிக் கற்றை என்று காவலர் சொன்னதும், மகன் சிலைகளை மறந்துவிட்டு அங்கேயே குந்திவிட்டான். முடி ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஒராஸ் பெனடிக்ட் தெ சோசூர் இந்தப் பண்பைக் கொண்டு ஈரமானி செய்து 1783இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று பெரும்பாலான இடங்களில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டாலும், குழந்தைக்குப் புரிகிற கருவி இதுதான். காலையில் 50 சதவீதத்தை ஒட்டி ஓடிய கோடு, கூட்டம் உள்ளே வரத் தொடங்கிய பிறகு மெல்ல மேலேறியிருப்பதை அவனே விரல் வைத்துக் காட்டினான். நனைந்த சட்டையும் மூச்சும் சேர்ந்து ஓர் அறையின் காற்றை மாற்றிவிடுகின்றன. மண்ணுக்கடியில் கிடந்து குளோரைடு உப்பு ஏறிய வெண்கலத்தில் அந்த ஈரம் பட்டால் வெளிறிய பச்சை நிறத்தில் தூள் பூத்து உலோகத்தை அரிக்கும். ‘வெண்கல நோய்’ என்று அதற்குப் பெயரே உண்டு. பேழைகளின் அடித்தட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வைப்பதும் இதற்காகத்தான்.

துணிகளும் நீர்வண்ண ஓவியங்களும் இருந்த அடுத்த அறைக்குள் நுழைந்ததும், “கரண்ட் போய்விட்டதா?” என்று மகள் கேட்டாள். இத்தகைய பொருட்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே பொதுவான வரம்பு. ஒளியால் ஒருமுறை வெளுத்த நிறம் மறுபடி திரும்பாது என்பதால்தான் இவற்றைச் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு இருட்டறைக்கு அனுப்புகிறார்கள். கண் பழக ஓரிரு நிமிடங்கள் நின்றால் போதும். ஆனால் வயதானவர்கள் அப்படி நிற்பதற்கு ஒரு பெஞ்சு வேண்டாமா? அந்த அறையில் ஒன்றுகூட இல்லை. விளக்க அட்டைகளின் பொடி எழுத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஓவியக்கூடத்தில் குழந்தைகளுக்காக ஒதுக்கியிருந்த மழை மூலைதான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. அங்கிருந்தவை எல்லாம் அச்சுப் பிரதிகள் என்பதால் நல்ல வெளிச்சம், கிட்டத்தில் போய்ப் பார்க்கவும் தடையில்லை. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட மர அச்சுப் படத்தில், திடீர் மழையில் பாலத்தின் மீது ஆட்கள் குனிந்து ஓடுகிறார்கள். மழையோ மயிரிழை போன்ற நேர்கோடுகளாக, ஒன்றுக்கொன்று சற்றே விலகிய இரண்டு சாய்வுகளில் இறங்குகிறது. அதை அப்படியே 1887இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகிய வான்கோவின் படம் பக்கத்திலேயே இருந்தது. எதிர்ச்சுவரில், பாரிஸ் தெரு ஒன்றின் மழைநாளைக் காட்டும், பிரெஞ்சு ஓவியர் கையபோத்தின் 1877ஆம் ஆண்டு ஓவியம். சிகாகோவில் இருக்கும் மூல ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் அதைவிட அதிக அகலமும் கொண்டது. ‘துளி எங்கே?’ என்று தலைப்பிட்ட தாளையும் பென்சிலையும் கொடுத்து (பேனாவுக்கு அனுமதியில்லை, மை தெறித்தால் அழிக்க முடியாது) இந்தப் படங்களில் மழையைத் தேடச் சொல்கிறார்கள். கையபோத்தின் படத்தில் விழும் துளி ஒன்றுகூட இல்லை என்பதை மகன் வெகுநேரம் தேடிய பிறகு கண்டுபிடித்தான். குடைகளும், பளபளக்கும் கல்தரையும்தான் அங்கே மழை. மகள் தன் தாள் முழுவதும் சாய்ந்த கோடுகளாகவே இழுத்து நிரப்பினாள். இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் குழந்தைகளை அறிந்தவர்.

இனிக் குறைகள். ஓவியக்கூடம் தனிக் கட்டடம். இடையில் திறந்த முற்றம். குடையை வாசலிலேயே வாங்கிக்கொண்டவர்கள், முற்றத்தைக் கடப்பதற்குப் பொதுக்குடை இரண்டே இரண்டு வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க, அக்கரைக்குப் போன குடை திரும்பி வரும்வரை காத்திருந்தோம். பொறுமையிழந்த சிலர் நனைந்தபடியே ஓடினார்கள். வாசலில் அவ்வளவு கவனமாகத் தடுத்த ஈரம் கொல்லைவழியாக ஓவியங்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு தகரக் கூரை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். வழவழப்பான அந்தக் கல்தரையில் கைப்பிடியும் கிடையாது. கைத்தடி இருந்தும் அம்மாவை நான் தோளோடு அணைத்துத்தான் கூட்டிப்போனேன். மாடியில் இருக்கும் நாணயக்கூடம் ஒழுக்கு காரணமாக மூடப்பட்டிருக்கிறது என்பதையும் நுழைவுச்சீட்டு வாங்கி, மின்தூக்கிக்காகக் காத்திருந்த பிறகே சொன்னார்கள். மழைக்காலத்தில் ஒழுகுவது பெரிய குற்றமில்லை. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை வைக்காததுதான் குற்றம். ஒலி வழிகாட்டி சுமார். பெரியவர்களுக்கென எழுதப்பட்ட அதைக் கேட்க மகனுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுமையில்லை.

குடும்பத்தோடு போகிறவர்கள் மாற்றுக் காலுறைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு குழந்தை ஓர் அறையைக்கூட முழுதாகப் பார்க்காது. மழை விடுமுறையில் எல்லோருக்கும் இதே யோசனைதான் தோன்றும் என்பதால் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. நாங்கள் இரண்டரை மணி நேரத்தில் மூன்று கூடங்கள் மட்டுமே பார்த்தோம், யாருக்கும் சலிக்கவில்லை.

புறப்படும்போது மகன் மறுபடியும் அந்த முடிக் கருவியிடம் ஓடினான். வாரம் ஒருமுறை தாளை மாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய தாளைத் தனக்குத் தர முடியுமா என்று காவலரிடம் கேட்டான். “அதெல்லாம் பதிவேட்டுக்குப் போய்விடும் தம்பி, நீ வந்த அன்றைய கோடும் அதில்தான் இருக்கும்” என்றார் அவர்.